மலிவு விலையிற் செய்நிரல்கள்

வானொலிப் பெட்டி ஒன்றை விலைகொடுத்து வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டால் மட்டும் வீட்டில் இசை எழுந்துவிடாது. எங்கேயோ ஒரு நிலையத்தில் ஒருவர் பாட வேண்டும். இன்னொருவர் பேச வேண்டும். அவற்றை அலைகளாக்கி அனுப்புவோர் வேண்டும். ஒலிபரப்பு எட்டாத ஊரில் வானொலிப் பெட்டி ஓர் அழகிய மரச்சாமானே அன்றி வேறன்று. கணினியின் நிலையும் இதுவேயாகும். அதன்மேல் ஏறி வேலை செய்யும் செய்நிரல்கள் இல்லையேல், எத்துணை விலையுயர்ந்த கணினியும் வெறும் பெட்டியாகவே கிடக்கும்.

பொறிக்கும் செய்நிரலுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து வைப்பது பணிசெயல் முறைமை எனப்படும். விசைப்பலகையில் அழுத்திய எழுத்தை வாங்கிக் கொடுப்பதும், வட்டிலே கோப்பை எழுதி வைப்பதும், கேட்டபோது அதைத் தேடி எடுத்துத் தருவதும் அதன் கடமைகள். ஒரு முறைமைக்கென எழுதிய செய்நிரல் மற்றொரு முறைமையில் ஓடாது. ஆகவே புதிய முறைமை ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் பழைய செய்நிரல்கள் பயனற்றுப் போகின்றன; யாவற்றையும் மீண்டும் எழுத வேண்டியதாகின்றது. வாங்குவோர், "செய்நிரல்கள் வரட்டும், பிறகு பொறியை வாங்குவோம்" என்று காத்திருப்பர். எழுதுவோரோ, "பொறிகள் விற்பனையாகட்டும், பிறகு செய்நிரல் எழுதுவோம்" என்று காத்திருப்பர். கலியாணம் ஆனாற்றான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தாற்றான் கலியாணம் ஆகும் என்ற கதைதான். இந்த முடிச்சு ஒருமுறை எவ்வாறு அவிழ்ந்தது என்பதைப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆந் திகதி, ஐ.பி.எம். என்னும் பெருங் கம்பனி தனிமனிதர் பயன்படுத்துவதற்கான கணினியொன்றை நியூயோர்க் நகரில் அறிமுகஞ் செய்தது. அதற்கு முன்னரே சிறு கணினிகள் பல இருந்தன. அவற்றுட் பலவற்றில் ஓடியது சி.பி.எம். என்ற பணிசெயல் முறைமை. கலிபோர்னியாவிலே கரி கில்டால் என்பவர் 1974இல் ஆக்கியது அது. பின்னர் டிஜிற்றல் றிசேர்ச் என்ற பெயரில் அவர் நடத்திய கம்பனி அதனை விற்றுவந்தது. சொற்களை எழுதித் திருத்தவும், கணக்குப் பேணவும், முகவரிகளை ஒழுங்குபடுத்தவும் வேண்டிய செய்நிரல்கள் அம்முறைமைக்கு நிறையவே இருந்தன.

ஐ.பி.எம். கணினியின் உள்ளே இருந்ததோ இன்ரெல் கம்பனியின் 8088 என்ற புதிய நுண்செயலி. பழைய சி.பி.எம். அதில் ஓடாது. அதற்கேற்ற சி.பி.எம்.-86 வெளிவரத் தாமதமாயிற்று. இந்தத் தாமதத்தைப் பொறுக்கமாட்டாமல், சியாற்றில் நகரில் ஒரு சிறு கணினி நிறுவனத்திற் பணியாற்றிய ரிம் பற்றேசன் என்ற இளைஞர் 1980இல் தாமே ஒரு முறைமையை எழுதினார். அவசரத்தில் ஒப்பேற்றியது என்ற பொருள்பட அதற்கு அவரே வேடிக்கையாக ஒரு பெயரும் இட்டிருந்தார். மைக்ரோசொப்ட் நிறுவனம் அதன் உரிமையை 1981 யூலைக்குள் மொத்தம் சுமார் 75,000 டொலருக்குப் பெற்று, ஐ.பி.எம்.முக்கு வழங்கியது. அதுவே பின்னர் டொஸ் என்று உலகமெங்கும் அறியப்பட்டது.

பற்றேசன் செய்த ஒரு காரியம் இங்கே கவனிக்கத்தக்கது. செய்நிரல்கள் முறைமையை அழைத்து வேலை வாங்கும் வழிகளை அவர் பெரும்பாலும் சி.பி.எம்.மைப் போலவே அமைத்திருந்தார். புது வீடு கட்டியவர் பழைய வீட்டின் கதவுகளும் யன்னல்களும் பொருந்துமாறு நிலைகளை வைத்தாற்போன்றது இது. பழைய செய்நிரல்களை அடியோடு புதிதாக எழுதாமல், பொறிமொழியை மாற்றிப் பெயர்த்துக் கொண்டுவருதல் இதனாற் கூடியதாயிற்று. கில்டாலின் நண்பர்கள் இதனை நகல் என்று குறைகூறினர். அக்குறையில் நியாயம் இல்லை என்று சொல்வதற்கில்லை. எனினும் முடிச்சின் முதல் இழை தளர்ந்தது இங்கேதான்.

இரண்டாம் இழை விலை. ஐ.பி.எம். தன் கணினிக்கு டொசையும் விற்றது, பின்னர் சி.பி.எம்.-86ஐயும் விற்றது. டொசின் விலை 40 டொலர். சி.பி.எம்.-86இன் விலை 240 டொலர். எது சிறந்தது என்று அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, கடைக்குச் சென்றவர் விலைச்சீட்டைப் பார்த்தார். தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இத்தகைய சிறு விடயங்களைச் சற்றே மறைத்து எழுதுவது வழக்கம். நாற்பதுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பொறியியற் பட்டம் தேவையில்லை.

முறைமை மலிவாகக் கிடைத்தது. அதன்மேல் ஓடும் செய்நிரல்களோ மலிவாயிருக்கவில்லை. வேட்ஸ்ரார் என்ற சொல்லெழுதும் செய்நிரல் 495 டொலர். தகவல்களைத் தொகுத்து வைக்கும் டிபேஸ் 695 டொலர். 1983 ஜனவரியில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற லொட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் 495 டொலர். கணினியின் தொடக்க விலையே 1,565 டொலர்தான். அதுவும் வட்டியக்கி இல்லாமல். செய்நிரல் மூன்றை வாங்கினாற் பெட்டியின் விலைக்கு மேற் செல்லும். பெரிய வணிக நிலையங்களுக்கு இது பொருட்டன்று. தனிமனிதர், சிறுகடைக்காரர், பாடசாலை ஆசிரியர், தேவாலயத்துக் கணக்கர் ஆகியோருக்கு அது கைக்கு எட்டாத விலை.

எட்டாத பொருளை மனிதர் எவ்வாறு எட்டுவர்? பிரதி செய்தனர். நெகிழ் வட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்நிரலைப் படியெடுக்கச் சில நிமிடங்களே செல்லும். இந்த வழக்கம் டொசுக்கும் முந்தியது. 1976இலேயே மைக்ரோசொப்டின் பில் கேற்ஸ் கணினி ஆர்வலருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி, உங்களிற் பெரும்பாலானோர் திருடுகின்றீர்கள், இவ்வாறாயின் நல்ல செய்நிரல் எழுத யார் முன்வருவார் என்று கடிந்திருந்தார். அக்கேள்வி நேர்மையானதே. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். அதற்கு விற்பனையாளர் கண்ட மருந்து பூட்டு. லொட்டஸ் முதலிய செய்நிரல்களிற் பிரதி எடுக்க முடியாதபடி தடைகள் வைக்கப்பட்டன. மூல வட்டு பழுதானால், பணம் கொடுத்து வாங்கிய நேர்மையாளனும் தவித்து நிற்க நேர்ந்தது. பூட்டைத் திறக்கும் செய்நிரல்களும் விற்பனைக்கு வந்தன. கள்வனுக்குப் பூட்டுச் செய்ய, கொல்லன் சாவியும் விற்றான்.

இந்த வேளையில் வேறொரு வழியைக் கண்டவர் அன்ட்ரூ ஃபுளூகல்மன். அவர் சட்டம் பயின்றவர். பின்னர் நூற்பதிப்பிலே ஈடுபட்டவர். கணினித் தொழிலிற் பிறந்து வளர்ந்தவர் அல்லர். 1982இல், எழுத்தாளர்கள் கணினியைப் பயன்படுத்துவது எப்படி என்ற பொருளில் இன்னொருவருடன் சேர்ந்து நூலொன்று எழுதிக்கொண்டிருந்தார். கூட்டாசிரியரிடம் இருந்ததோ வேறுவகைக் கணினி. ஒருவர் எழுதியதை மற்றவரின் பொறி படிக்காது. தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பலாம் என்றால், அதற்கேற்ற நல்ல செய்நிரல் அப்போது கிடைக்கவில்லை. ஆகவே தாமே ஒன்றை எழுதினார். அதற்குப் பீசி-ரோக் என்று பெயரிட்டார்.

எழுதியபின் அதனை விற்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவிலே விளம்பரமின்றி நடக்கும் பொது ஒலி, ஒளிபரப்பு நிலையங்கள் உண்டு. அவை ஆண்டுதோறும் தம் நேயர்களிடம், "எமது நிகழ்ச்சிகள் உங்களுக்குப் பிடித்திருந்தால் இயன்றதை அனுப்புங்கள்" என்று வேண்டிக்கொள்ளும். கொடாதவரும் கேட்கலாம், அவர்களின் பெட்டியை யாரும் மூடிவிடமாட்டார்கள். தொலைக்காட்சியில் இத்தகைய நிதிசேர் நிகழ்ச்சியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஃபுளூகல்மனுக்கு யோசனை பிறந்தது. செய்நிரலைப் பிரதி செய்யாதே என்று தடுப்பதற்குப் பதிலாக, தாராளமாகப் பிரதி செய்து நண்பர்க்குக் கொடு என்றே சொல்லிவிடலாம். பயன் கண்டவர் 25 டொலர் அனுப்பட்டும் என்று அதிற் குறிப்பும் எழுதினார். கேற்ஸ் குற்றம் என்று கண்ட அதே செயலை இவர் விநியோகம் என்று கண்டார். வானொலி நேயர்களுக்கு இச்செய்தி சற்று மகிழ்ச்சி தரக்கூடும்: கணினியுலகின் இந்த வழக்கத்துக்கு வித்து ஒலிபரப்புத் துறையிலிருந்தே சென்றிருக்கின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில், சியாற்றிலுக்கு அண்மையில் வாழ்ந்த ஜிம் நொப் என்ற ஐ.பி.எம். ஊழியரும் இதே முடிவுக்கு வந்திருந்தார். தம் தேவாலயத்தாரின் முகவரிச் சீட்டுகளை அச்சிடவே அவர் முதலிற் செய்நிரல் எழுதினார். உடன் பணியாற்றியோர் கேட்டனர், கொடுத்தார். அவர்களின் நண்பர்கள் கேட்டனர், அவர்களுக்கும் போயிற்று. திருத்திய பதிப்பை யாவருக்கும் அஞ்சலில் அனுப்பும் செலவு கையைக் கடித்தது. உண்மையாகவே பயன்படுத்துவோர் யாவர் என்று அறியும் பொருட்டு, விரும்பினோர் சிறு தொகை அனுப்புமாறு செய்நிரலினுள்ளே குறிப்பு வைத்தார். பயன்படுத்திய ஒருவர் இரு செய்நிரல்களையும் கண்டு, உங்களைப்போல் இன்னொருவரும் இருக்கின்றார் என்று தெரிவிக்க, நொப் ஃபுளூகல்மனோடு தொடர்பு கொண்டார். இருவரும் ஒரே தொகையைக் கேட்பது என்றும், ஒருவர் செய்நிரலை மற்றவர் தம் குறிப்பிலே எடுத்துச் சொல்வது என்றும் இசைந்தனர். நொப்பின் செய்நிரல் பீசி-ஃபைல் ஆயிற்று. 695 டொலர் கொடுத்து டிபேஸ் வாங்க இயலாதவர்கள், தமக்கு வேண்டிய முகவரிப் பட்டியலையும் பொருட்கணக்கையும் இதைக் கொண்டே பேணிக்கொண்டனர். சஞ்சிகை ஒன்றில் நல்ல மதிப்புரை வந்தபின், பணவோலை கொண்ட தபால்கள் பைபையாகக் குவிந்தன. 1984இல் அவர் ஐ.பி.எம். வேலையையே விட்டு விலகினார்.

மூன்றாமவர் பொப் வலஸ். மைக்ரோசொப்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான அவர், 1983இல் அதிலிருந்து விலகிப் பீசி-றைற் என்ற சொல்லெழுதும் செய்நிரலை ஆக்கினார். வட்டு 10 டொலர். பிடித்திருந்தால் 75 டொலர் அனுப்பிப் பதிவு செய்யலாம். அச்சிட்ட கைந்நூலும் உதவியும் கிடைக்கும். பதிவு செய்தவர் தம் பிரதியைப் பிறருக்குக் கொடுத்து, அவர்களும் பதிவு செய்தால், முன்னவருக்கு 25 டொலர் தரகாக வந்துசேரும். படியெடுப்பவனையே விற்பனையாளனாக்கிய வித்தை இது. ஃபுளூகல்மன் தம் முறைக்கு இட்ட பெயரை வணிகக் குறியாகப் பதிந்திருந்தமையால், இவ்வகைக்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் தேவைப்பட்டது. 1984இற் சஞ்சிகையொன்று வாசகரைக் கேட்க, 'ஷெயர்வெயர்' என்ற பெயர் நிலைபெற்றது. பகிர்ந்துண்ணும் மென்பொருள் என்று தமிழிற் சொல்லிப் பார்த்தால், அதன் மணம் நமக்கு விளங்கும்.

இவையெல்லாம் வெறும் நல்லெண்ணக் கனவு என்று அக்காலத்திலேயே நகைத்தோர் உண்டு. பயன்படுத்தியோரிற் பெரும்பாலோர் காசு அனுப்பவில்லை என்பது மெய்யே. ஆனால் நகைத்தோர் ஒன்றைக் கணக்கிலெடுக்க மறந்தனர். 495 டொலருக்கு விற்ற செய்நிரலின் விலையிற் பெரும்பகுதி விளம்பரத்துக்கும், அழகிய பெட்டிக்கும், இடைத்தரகருக்கும், கடை வாடகைக்கும் போயிற்று. ஷெயர்வெயரில் இச்செலவுகள் அனேகமாக இல்லை. விநியோகத்தை நேயர்களே இலவசமாகச் செய்தனர். ஆகவே பத்தில் ஒருவர் கொடுத்தாலும் எழுதியவர் வாழ முடிந்தது. எழுதிய எல்லோரும் வாழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயனற்ற செய்நிரலுக்கு யாரும் தபாற்செலவுகூட வைக்கவில்லை. விற்குமுன் ஊரார் சோதித்துப் பார்க்கும் சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய்க்கு இடமில்லை.

ஆயத்த செய்நிரல்களைப் பற்றியே இதுவரை கண்டோம். அவற்றை எழுதும் கருவிதான் இதனினும் முக்கியமானது. மனிதர் விளங்கும் மொழியில் எழுதியதைப் பொறி விளங்கும் எண்களாக மாற்றுவது தொகுப்பான் என்ற செய்நிரல். பஸ்கால் மொழி 1970இல் சுவிஸ் நாட்டு நிக்கிளவுஸ் வேர்த் ஆக்கியது, கற்பிப்பதற்கென்றே அமைந்தது. டொசுக்கு வந்த முதற் பஸ்காற் தொகுப்பான்கள் சில நூறு டொலர் விலையுடையன. அத்துடன் மிக மந்தமானவை. எழுதியதைச் சேமிக்க வேண்டும், வட்டை மாற்ற வேண்டும், தொகுப்பான் ஒருமுறை ஓட வேண்டும், மீண்டும் வட்டை மாற்ற வேண்டும். ஓர் அரைப்புள்ளி தவறியிருந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மாணவன் எதற்காக எழுதத் தொடங்கினான் என்பதையே மறந்துவிடுவான்.

1983 நவம்பரிற் 'பைற்' சஞ்சிகையில் ஒரு விளம்பரம் வந்தது. ரேபோ பஸ்கால், விலை 49 டொலர் 95 சதம். விற்றவர் பிலிப் கான்; வேர்த்திடமே பயின்ற பிரெஞ்சு நாட்டுக் கணிதர்; கலிபோர்னியாவிற் போலண்ட் என்ற சிறு கம்பனியைத் தொடங்கியிருந்தார். எழுதியவர் அன்டர்ஸ் ஹைல்ஸ்பேர்க் என்ற டென்மார்க் இளைஞர். எழுதும் பலகையும் தொகுப்பானும் ஒரே செய்நிரலாய், ஒருங்கே நினைவகத்தில் இருந்தன. விசையொன்றை அழுத்தினால் நொடிகளில் வேலை முடியும். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சுட்டி வந்து நிற்கும். 1986இல் வந்த 3.02 பதிப்பிலே இவையனைத்தும் அடங்கிய கோப்பின் அளவு 39,731 பைற் மாத்திரமே. இக்காலத்திற் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனிலும் பன்மடங்கு பெரிது.

ஐம்பது டொலர்ப் பொருள் நல்லதாயிருக்குமா என்று ஐயுற்றவர் பலர். ஐம்பது டொலர்தானே என்று வாங்கிப் பார்த்தவர் அவர்களிலும் பலர். அதைக் கொண்டு பள்ளி மாணவர் கற்றனர்; பொறியியலாளர் தமக்கு வேண்டியதைத் தாமே எழுதினர். எழுதும் கருவி எளிதிற் கிடைத்தமையால் எழுதுவோர் பெருகினர். எழுதுவோர் பெருகவே டொசுக்குச் செய்நிரல்கள் பெருகின. முன்னே சொன்ன முடிச்சு இவ்வாறே அவிழ்ந்தது.

போலண்டின் உரிம ஒப்பந்தமும் சொல்லத்தக்கது. பிறர் ஒப்பந்தங்கள் வழக்கறிஞர் உதவியின்றி வாசிக்க முடியாதவை. போலண்டோ, இச்செய்நிரலை ஒரு நூலைப்போலக் கருதுக என்று கூறியது. யாரும் பயன்படுத்தலாம், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம், ஒரே நூலை இருவர் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் வாசிக்க இயலாதது போல, இதனையும் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் இயக்கலாகாது என்பதே நிபந்தனை. நூலகத்தில் நூலெடுத்துப் பழகிய சிறுவனுக்கும் இச்சட்டம் விளங்கும். விளங்கும் சட்டத்தை மதிப்போர் தொகையும் அதிகம்.

இதற்கு நேர்மாறான கதையும் விரைவிலேயே நிகழ்ந்தது. 1987இல் ஐ.பி.எம்.மும் மைக்ரோசொப்டும் கூடி ஓ.எஸ்.-2 என்ற புதிய பணிசெயல் முறைமையை அறிவித்தன. டொசினும் பல வகையில் மேம்பட்டது அது. ஆனால் முறைமையின் விலையே 325 டொலர்; அதற்குப் போதிய நினைவகம் வாங்கும் செலவு வேறு. அதற்குச் செய்நிரல் எழுத விரும்புவோர்க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய கருவித்தொகுதியின் விலை 3,000 டொலர். தேவாலயத்து முகவரிச் சீட்டு அச்சிட விரும்பும் ஒருவர் மூவாயிரம் டொலர் கொடுத்து அந்த வாயிலுள் நுழைவாரா? வாயிற்காவலனுக்குக் கொடுக்கவே பணம் போதாத கோயிலிற் கூட்டம் கூடுவதில்லை. 1990 மே மாதம் வின்டோஸ் 3.0 வெளிவந்தபின் மக்கள் அப்பக்கம் சென்றனர். 2006ஆம் ஆண்டு முடிவில் ஐ.பி.எம். ஓ.எஸ்.-2க்கான ஆதரவை நிறுத்தியது.

மலிவு என்பதும் எப்போதும் அறம் அன்று என்பதை மறைத்தலாகாது. டொசைப் பிற கணினி உற்பத்தியாளருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. கொம்பாக் முதலிய கம்பனிகள் ஐ.பி.எம்.மைப் போன்ற கணினிகளைச் செய்தபோது, அவையனைத்தும் டொசையே நாடின. பின்னர், டொஸ் ஏற்றப்பட்டதோ இல்லையோ, விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் செலுத்துமாறு உற்பத்தியாளருடன் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்டு இவ்வழக்கத்தை நிறுத்தச் செய்தது. நாற்பது டொலருக்குத் திறந்த கதவு, உள்ளே வந்தபின் வெளியேற இயலாத கதவாகவும் மாறக்கூடும். ஃபுளூகல்மனும் நொப்பும் செய்தது இதனின் வேறு. அவர்களுடைய செய்நிரல் பிடிக்காவிட்டால் வட்டை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம்.

ஃபுளூகல்மன் நெடுங்காலம் வாழவில்லை. 1985 யூலையில் அவர் காணாமற்போனார். அவருடைய கார் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலத்தருகே கண்டெடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவர் தொடங்கிய வழக்கத்தைப் பின்பற்றியோர் 1987இற் சங்கம் ஒன்றையே அமைத்தனர்.

டொசின் காலம் முடியும் தறுவாயில், 1994 யூன் மாதத்தில், ஜிம் ஹோல் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர், இனி நாமே ஒரு டொசை எழுதி எவர்க்கும் இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தார். பலர் உலகின் பல மூலைகளிலிருந்து துணைநின்றனர். ஃப்ரீடொஸ் என்ற அதன் முதலாம் முழுப்பதிப்பு 2006இல் வெளிவந்தது. மைக்ரோசொப்டும் தன் பழைய டொஸ் பதிப்புகள் சிலவற்றின் மூலநிரலை 2018இல் யாவரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்துடன் வெளியிட்டது. போலண்ட் தன் ரேபோ பஸ்காலின் பழைய பதிப்புகள் சிலவற்றை அதற்கு முன்னரே இலவசமாக்கிவிட்டது. பழைய கணினியொன்று மூலையிற் கிடக்கக் காணும் மாணவன், ஃப்ரீடொசையும் அந்த 39,731 பைற்றையும் அதில் ஏற்றி, ஒரு சதமும் செலவின்றித் தன் முதற் செய்நிரலை இன்று எழுதத் தொடங்கலாம்.